ஒரு சிட்டிகைக் காரை

அறுபதுகளில் சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்தது என் மனைவியின் அண்ணன் கட்டிய வீடு. வாடகை கேட்கவில்லை. "தங்கச்சிக்கு இல்லாததா மாப்ள" என்று சாவியைக் கையில் வைத்தார். அதன்பிறகு அவர் எதிரில் நான் வாயைத் திறந்தது குறைவு.

முதல் மழையிலேயே கட்டில் பக்கத்துச் சுவர் பூத்துவிட்டது. கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். துடைத்தால் நாலு நாளில் திரும்ப வரும். அடுத்த மழையில் என் மனைவிக்கு மூச்சிழுப்பு கண்டது. மழை விட்டும் அது விடவில்லை.

ஒரு கொத்தனாரிடம், யாரோ வீட்டுச் சமாச்சாரம் போலக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"கடலோரம் கிள்ளைப் பக்கம் உப்பங்கழி மணல அள்ளியாந்து பூசியிருப்பாங்க. காரையைச் சுரண்டி நாக்குல வச்சுப் பாருங்க. கரிச்சா, அந்தச் சுவரு ஜென்மத்துக்கும் காயாது. பூராத்தையும் பேத்துட்டுப் பூசணும். இல்லன்னா வீட்டக் காலி பண்ணணும்."

ஒரு சிட்டிகைக் காரை. அதை வாயில் போட எனக்கு ஒரு வருஷம் துணிவு வரவில்லை. கரித்தால் மச்சானிடம் சொல்லியாக வேண்டுமே. சும்மா கொடுத்த வீட்டில் குறை சொல்கிற நாக்கு எனக்கு இல்லை.

அவளுக்கு முடியாமல் போனதும் மச்சானே கடலூருக்கு, டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுல ஓதம் இருக்கா? சுவத்துல பூசணம் கீசணம்?"

பக்கத்தில் மச்சான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

"புது வீடு சார். நானே கூட நின்னு கட்டினது" என்றார் மச்சான்.

எங்களை வீட்டில் விட்டுவிட்டு அவர் போனதும், நகத்தால் சுவரைச் சுரண்டி வாயில் போட்டேன். கருவாட்டைக் கடித்தது போலக் கரித்தது.

"இப்பதான் பாக்குறீங்களா?" கட்டிலில் இருந்தபடி அவள் கேட்டாள். "நான் மொத மழையிலேயே நாக்குல வச்சுப் பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எங்கண்ணன் வீடு. நான் எப்படிக் குத்தம் சொல்றது? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "டாக்டர் கேட்டாரே, அப்பயாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அப்புறமும் நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி ஐப்பசி வந்துவிட்டது. அதை அவள் தாண்டவில்லை.

கருமாதிக்கு நாலு பேர் வருவார்கள் என்று மச்சானே அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். "மாப்ள, வாளியைப் புடிங்க" என்றார்.

பிடித்துக்கொண்டு நின்றேன்.