ஆறு பேர் ஹாட்ஸ்பாட்டும் ஒரு காதுகுத்தும்

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், சாவு என்று எது நடந்தாலும் அதை நேரலையாகக் காட்டுவதுதான் நிலவழகனின் தொழில். கொடும்பாளூர் பிரிவு ரோட்டில், டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒற்றை அறைக் கடை வைத்திருக்கிறார். பலகையில் மகள் பெயர், 'இலக்கியா டிஜிட்டல்'. அதற்குக் கீழே 'வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்க நேரலை செய்து தரப்படும்' என்று எழுதியிருக்கும். முதலில் சிவப்பு எழுத்து. வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது.

அவருக்கு நாற்பத்தொரு வயதுதான். ஆனால் உட்காரும்போதும் எழும்போதும் 'அப்பா' என்று ஒரு சத்தம் வரும். இருபது வருடம் கேமராவைச் சுமந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. கையை நெஞ்சுக்கு மேல் தூக்கினால் வலிக்கும். டெய்லர் அந்தப் பக்கத்தை அரை இன்ச் குறைத்துத்தான் வெட்டுவார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் குவைத்திலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவர்களால் வர முடியாத விசேஷத்துக்கு நிலவழகனைக் கூப்பிடுவார்கள். அவர் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வயரை லேப்டாப்பில் சொருகுவார். லேப்டாப்புக்குத் தனியாக நெட் கிடையாது. காட்டுக் கோயிலுக்கு யார் வயர் இழுத்துத் தரப்போகிறார்கள்? தன் செல்போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, போனுக்கு வரும் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பார். பிறகு ஒரு லிங்க் அனுப்புவார். குவைத்தில் இருப்பவர் அதைத் தொட்டால் இங்கே நடப்பது அங்கே தெரியும். ஏழு வருடம் இப்படித்தான் ஓடியது.

போன வருடம் அவருடைய செல்போன் கம்பெனி 'அளவில்லா நெட்' என்று ஒரு புது பிளான் கொண்டுவந்தது. அவரும் ஆசையாக அதற்கு மாறினார். பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. போனிலேயே பார்த்தால்தான் அளவில்லை. ஹாட்ஸ்பாட் வழியாக வேறு மிஷினுக்குக் கொடுத்தால் நாளுக்கு இவ்வளவுதான் என்று தனி அளவு இருந்தது. நேரலைக்கு அது முக்கால் மணி நேரம்கூட வராது.

இது அவருக்கு ஒரு சாவு வீட்டில்தான் தெரிந்தது. இறந்தவர் கொடும்பாளூர் திருப்பதி. அவருடைய ஒரே மகன் உதயசூரியன் குவைத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் சாரம் கட்டும் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்கவில்லை. அறையில் இருந்த எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சுடுகாட்டில் கடைசியாக முகத்துணியை விலக்கும் நேரத்தில் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சிக்னல் இல்லை என்று நினைத்து நிலவழகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கருவேலஞ்செடிக்குள் இங்கிட்டும் அங்கிட்டும் ஓடினார். அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாயங்காலம் உதயசூரியன் பேசினார்.

"அண்ணே, கடைசியா மொகத்த காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க தம்பி. கேமராவுல இருக்கு. அனுப்பி வைக்கட்டுமா?"

"வேணாம்ணே. முடிஞ்சத பாத்து என்ன பண்றது."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நிலவழகன் தன் மனைவி சத்யாவிடம் பல முறை சொல்லியிருக்கிறார்.

மறுநாள் கம்பெனிக்கு போன் செய்தார். இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்க போன்ல பார்த்தா அளவே கெடையாது சார். வேற மிஷினுக்குப் போனாத்தான் அளவு."

"ரெண்டும் ஒரே நெட்டுதானேம்மா?"

"ஆமா சார். ஒரே நெட்டுதான்."

"அப்புறம் எதுக்கும்மா ரெண்டு கணக்கு?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அதற்குப் பிறகு அவர் செய்து பார்க்காதது இல்லை. சத்யா பெயரில் ஒரு சிம் வாங்கினார். அதுவும் முக்கால் மணி நேரம். ஹாட்ஸ்பாட்டைக் கம்பெனி கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் என்று ஒரு ஆப்பை யாரோ சொன்னார்கள். பதினோரு நாள் மறைத்தது, பன்னிரண்டாம் நாள் கம்பெனி கண்டுபிடித்துவிட்டது. கீரனூரில் இதே வேலை செய்யும் இன்னொருவர் பழைய போன் ஒன்றைக் கொடுத்தார். அதில் ஹாட்ஸ்பாட் நிற்கவில்லை, போன்தான் சூடாகி நின்றது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதும் அது சில நாளில் அடைபடுவதும் அவருக்கு அலுத்துவிட்டது.

இந்த நிலையில்தான் போன ஆவணியில் அழகி கடைக்கு வந்தார். உதயசூரியனின் தங்கை. அவருடைய மகள் ஹரிணிக்கு ஒன்பது மாதம். குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும்.

"மாமன் மடிலதாண்ணே வைக்கணும். எங்கண்ணனுக்கு இப்பவும் லீவு இல்ல. சித்தப்பா மகன் அரவிந்த்குமார் ஒக்காருறான். ஆனா எங்கண்ணன் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"எத்தன மணிக்கும்மா?"

"ஒம்பதுலேருந்து ஒம்பதரைக்குள்ள. அங்க அது ஆறரை மணி. கம்பெனி பஸ்ல வேலைக்குப் போயிக்கிட்டு இருப்பான். நம்ம ஒம்பதரைக்கு கேட்டு வந்துரும். கேட்டுல போன வாங்கி வச்சுருவாங்க."

நிலவழகன் தலையாட்டினார்.

"அண்ணே, இந்தத் தடவ சுத்தக் கூடாதுண்ணே," என்றார் அழகி.

"சுத்தாதும்மா."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. காதுகுத்துக்கு முதல் நாள் காலையிலேயே ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனியாக விற்கும் ஒரு நாள் பேக்கைப் போட்டார். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று மெசேஜ் வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோதும் பரிசீலனையில்தான் இருந்தது.

கோயில் கண்மாய்க்கரை ஓரத்தில். கூரை இல்லாத அய்யனார். சுற்றிலும் காடு, ஆனால் சிக்னல் நன்றாக வரும். நிலவழகன் சமையல்காரரிடம் ஒரு பெஞ்சு வாங்கிக் கேமராவுக்குப் பக்கத்தில் போட்டார். அழகி சொந்தக்காரர்களிடம் போய், ஆளுக்கு அரைமணி நேரம் ஹாட்ஸ்பாட் கொடுங்கள் என்று கேட்டார். ஆறு பேர் கொடுத்தார்கள். ஒவ்வொரு போனாகப் பெஞ்சில் வரிசையாக வைத்தார் நிலவழகன். ஒன்று தீர்ந்தால் அடுத்ததற்கு மாற்றலாம் என்பது திட்டம்.

அழகியின் பெரிய மாமனார் சிவசாமிதான் கடைசியாகத் தன் போனை வைத்தவர்.

"இந்தாப்பா, என் மொய். பேரு போட்டு எழுதிக்க."

"பாஸ்வேர்டு என்ன பெரியப்பா?"

"அதெல்லாம் பேரனுக்குத்தான் தெரியும். ஆமா, அளவில்லா நெட்டுன்னுதானே விக்கிறான்? அப்புறம் என்ன?"

நிலவழகன் விளக்கினார். சிவசாமி முழுதாகக் கேட்டார்.

"அப்படின்னா பந்தில ஒக்காந்து எவ்வளவு வேணும்னாலும் தின்னு, வாளில மோந்துக்கிட்டுப் போகாதேங்கிறான்."

"அதேதான் பெரியப்பா."

"பந்தில ஒக்காந்து தின்னுட்டுப் போயேன். எதுக்கு வாளியத் தூக்குற?"

எல்லோரும் சிரித்தார்கள். நிலவழகனும் சிரித்தார். அந்தப் பேச்சில் ஒரு வழி இருந்தது அப்போது அவருக்குப் படவில்லை.

எட்டேகாலுக்கு நேரலை தொடங்கியது. முதலில் தன் போன். பொங்கல் வைத்து, மொட்டை போட்டு முடிக்கும்போது அது தீர்ந்தது. அடுத்து அழகியின் கணவர் போனுக்கு மாற்றினார். அதில் ஏற்கனவே பாதி செலவாகியிருந்ததால் சீக்கிரமே தீர்ந்தது. ஒன்பது பத்துக்கு மூன்றாவது போன். அது அழகியின் நாத்தனாருடையது. படம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. 'தெரியுதுண்ணே, சூப்பர்' என்று உதயசூரியன் எழுதியிருந்தார்.

அரவிந்த்குமார் மணையில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஹரிணியை மடியில் வைத்தார்கள். காது குத்தும் பத்தர் இரண்டு காதிலும் குங்குமத்தால் பொட்டு வைத்து, தங்கக் கம்பியை எடுத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. பத்தர் கையில் கம்பியைக் கண்டதும் எல்லோரும் படம் எடுக்க முன்னே ஓடினார்கள். படம் எடுக்கப் போன் வேண்டுமே. பெஞ்சில் இருந்த போன்களை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாத்தனாரும் போய்விட்டார்.

லேப்டாப்பில் வட்டம் சுற்றியது.

"ஏம்மா, அந்தப் போன்லதான் ஓடுது!" என்றார் நிலவழகன்.

"சார்ஜு கம்மியா இருந்துச்சுண்ணே, ஹாட்ஸ்பாட்ட ஆஃப் பண்ணிட்டேன். ஸ்டேட்டஸ் வைக்கணும்ல?"

பெஞ்சில் அவருடைய போனும் அழகியின் கணவர் போனும் மட்டும் கிடந்தன. இரண்டிலும் ஹாட்ஸ்பாட் தீர்ந்துவிட்டது. மணி ஒன்பது பத்தொன்பது. கூட்டத்துக்கு நடுவில் இருந்த அழகி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சுத்துதாண்ணே?"

'காட்டுனாங்களா?' என்று உதயசூரியன் இன்னொரு முறை கேட்டால் தாங்க நிலவழகனுக்குத் தெம்பில்லை. சிவசாமி சொன்னது அப்போதுதான் உறைத்தது. போனிலிருந்து வெளியே கொடுத்தால்தான் அளவு. போனிலேயே என்றால் அளவே இல்லை. கேமராவை அப்படியே விட்டுவிட்டுத் தன் போனை எடுத்து உதயசூரியனுக்கு வீடியோ கால் போட்டார்.

"பத்தரே, ஒரு நிமிசம் இருங்க."

"நேரம் போகுதுப்பா. எனக்கு இன்னும் ரெண்டு எடம் இருக்கு."

"ஒரே நிமிசம்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். இந்த முறை எடுத்துவிட்டார். பின்னால் பஸ் சீட்டும் கம்பெனித் தொப்பி போட்ட ஆட்களும் தெரிந்தார்கள்.

"அண்ணே, சுத்துதுண்ணே..."

"அத விடு தம்பி. இங்க பாரு."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மணைக்கு முன்னால் முட்டி போட்டார். பார்த்தால் முன்னால் பத்துப் பதினைந்து கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன். நிலவழகன் விசேஷ வீட்டில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்று கத்தினார்.

"எல்லாரும் கைய எறக்குங்க! மாமன் பாக்கணும்!"

கைகள் இறங்கின. வலது கையால் போனைத் தூக்க முடியவில்லை. இடது கையில் பிடித்து, வலது கையை முட்டுக் கொடுத்தார்.

"கொஞ்சம் கீழண்ணே. அவ மொகம் தெரியல."

"இப்ப?"

"ம், தெரியுது. டேய் அரவிந்து, கால இறுக்கிப் பிடிடா. ஒதைக்கிறா பாரு."

"பிடிச்சுத்தாண்ணே இருக்கேன்," என்றார் அரவிந்த்குமார் போனைப் பார்த்து.

வலது காது. ஹரிணி வீறிட்டாள். இடது காது. இன்னும் பெரிதாக வீறிட்டாள். போனுக்குள்ளிருந்தும் ஒரு குரல், "அவ்வளவுதான் தங்கம், அவ்வளவுதான், முடிஞ்சுருச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடியது.

"அண்ணே, கேட்டு வந்துருச்சு. போன வாங்குறாங்க. வச்சுர்றேண்ணே."

"சரி தம்பி."

மணி ஒன்பது இருபத்தாறு. நிலவழகனால் உடனே எழ முடியவில்லை. அழகியின் கணவர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பன்னிரண்டே காலுக்கு அவர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. 'தங்கள் ஹாட்ஸ்பாட் பேக் செயல்படுத்தப்பட்டது. இன்று இரவு 12 மணி வரை செல்லும்.' படித்துவிட்டு ரசம் கேட்டார்.

இப்போது அவர் லேப்டாப்பை விசேஷங்களுக்கு எடுத்துப் போவதில்லை. மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று போனை இடது கையில் பிடித்தபடி நிற்கிறார். கேமராவில் எடுக்கிற அளவுக்குப் படம் வருவதில்லை. ஆனால் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்தால் சத்யா இரண்டு தோளிலும் தைலம் தேய்க்கிறார். முன்பெல்லாம் ஒரு தோள்தான்.

காதுகுத்து வீடியோவை வாங்க அழகி பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தார். ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்த கேமரா அன்று தானாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. நிலவழகன் போட்டுக் காட்டினார். பொங்கல் இருந்தது, மொட்டை இருந்தது. காது குத்தும் இடம் வந்ததும் திரை முழுக்க ஒரு முதுகு. வியர்வையில் ஒட்டிய சட்டை, சரிந்த வலது தோள். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னண்ணே, எங்க புள்ளையவே காணோம்?"

"நாந்தாம்மா மறைச்சுட்டேன். அன்னிக்குப் படம் எடுத்தவங்ககிட்ட எல்லாம் கேட்டுப் பாத்தேன். கைய எறக்கச் சொன்னேன்ல, ஒருத்தர்கிட்டயும் இல்ல. ஒங்க பெரிய மாமனார்கிட்ட மட்டும் இருக்கு. அதுல அவரு கட்டவெரல்தான் தெரியுது."

"அப்ப தெளிவா எதுலயும் இல்லையா?"

"ஒங்கண்ணன் பாத்ததுதான். அது பதிவாகல."

அழகி திரைப் பக்கம் குனிந்து அந்த முதுகைப் பார்த்தார்.

"இந்த எடத்த வெட்டிரவாம்மா?" என்று நிலவழகன் கேட்டார்.

"வேணாம்ணே, இருக்கட்டும். இதுக்கு அங்கிட்டுத்தானே எங்கண்ணன் இருக்கான்."