முக்கால் டன் என்றால் ஒன்றரை

“எவ்வளவு ஏத்துவீங்க?” என்று கேட்டுக்கொண்டே பிக்கப்பின் பின்புறம் குனிந்துவிடுகிறார் டயர்க்கடை அக்கா. பதில் அவருக்கு அவசியமில்லை. ஸ்பிரிங் பட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது, தளத்து மூலையில் கிடப்பது சிமெண்டா ஜல்லியா என்று பார்த்தாலே போதும். “முக்கால் டன்தான்” என்பவருக்கு ஒன்றரை டன்னுக்கு டயர் எடுத்து வைப்பார். “லோடு கேட்டா மட்டும் எல்லாருக்கும் அடக்கம் வந்துடுது!”

மற்றவர்கள் சாவிக்கொத்து செருகும் இடுப்பில் இவர் காற்று பார்க்கும் கேஜைச் செருகியிருப்பார். ஓடிவந்த வண்டியில் உடனே அதை வைக்க மாட்டார். சூட்டில் அளவு ஏறிக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் பட்டினி கிடக்கும் என்பது அவர் கட்சி. யார் அவசரப்பட்டாலும் “ஆறட்டும்” என்ற ஒரே சொல்தான். நானே ஒருமுறை முக்கால் மணி நேரம் ஆறியிருக்கிறேன்.

அன்று வந்து நின்றவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. டைல்ஸ் பெட்டி ஏற்றும் பிக்கப்புக்குக் கார் டயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

“மெத்துன்னு போகும்க்கா. அவளுக்கு ஏழாம் மாசம். செக்கப்புக்கு இதுலதானே கூட்டிட்டுப் போறேன்? ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயித்தைப் பிடிச்சுக்கறா.”

அக்கா அந்த டயரின் பக்கவாட்டில் விரல் வைத்தார். “தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்கா? ஒண்ணு அறுநூத்தித் தொண்ணூறு கிலோதான் தாங்கும். டைல்ஸ் ஏத்தினா பின்னாடி ரெண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. கூட்டிப் பாருடா. வெடிச்சா மெத்துன்னா இருக்கும்?”

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

ஒவ்வொன்றும் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து கிலோ தாங்கும், நூற்றேழு என்று எண் போட்ட கனத்த டயர்களை மாட்டினார் அக்கா. கதவின் உள்பக்கம், பின் டயர்களுக்கான காற்றளவைப் பெயிண்ட் பேனாவால் எழுதினார்: ‘டைல்ஸ் 55. அவ மட்டும் 35.’

“காலைல ஓட்டறதுக்கு முன்னாடி காத்துப் பிடி. மாத்திப் பிடிச்சே, சேதி தெரியும்!”

“அப்பவும் தூக்கிப் போடும்லக்கா?”

“கொஞ்சம் போடும்டா.” பொய் சொல்ல அவருக்கு வராது.

தம்பி வண்டியைக் கிளப்பினார். “நில்லு!” என்று உள்ளே ஓடிய அக்கா, தன் நாற்காலியில் கிடந்த பஞ்சு மெத்தையை உருவிக்கொண்டு வந்தார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அதைப் போட்டு, இரண்டு கைகளாலும் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.