சவுக்குத் தோப்பில் அக்காவின் கால்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள். நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை வருவாள். வந்தாலும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவளோடு தனியாக உட்கார எனக்கு முறையே வராது. போன தடவை வந்தபோது, வேளாங்கண்ணிக்கு நடந்து போகலாம் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் வருடா வருடம் காவி கட்டி, செருப்பில்லாமல் நடந்தவர்கள்.

"இதுதான்டி கடைசி. சர்க்கரை வந்த ஒடம்பு, இனிமே பிளேன் ஏறாது" என்றாள்.

ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அவள் முழுசாக எனக்குக் கிடைப்பாள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் கோவில்பத்திலிருந்து கிளம்பவே ஒன்பது மணி ஆகிவிட்டது. துணைக்கு அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்தாள். ஆவணி மாதம் என்றுதான் பெயர், வெயில் சித்திரை மாதிரி அடித்தது. திருமலைராயன்பட்டினம் தாண்டுவதற்குள் தார் கொதித்தது. நானும் பெரியம்மாவும் ஓரத்துப் புல்லைத் தேடித் தேடிக் கால் வைத்தோம். அக்கா ரோட்டின் மேலேயே நேராக நடந்தாள்.

"பாருடி, வெள்ளைக்காரன் ஊர்ல இருந்து வந்தவ எப்புடி நடக்குறா. நீ இங்கயே கெடந்துட்டு வெட்டுக்கிளி மாதிரி குதிக்கிற" என்றாள் பெரியம்மா.

அக்காவின் பக்தி என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

நிழலுக்காகப் பட்டினச்சேரிப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் ஒதுங்கினோம். அக்கா மரத்தில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காற்றை வாங்கிவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அங்க துணி மடிக்கும்போதெல்லாம் ஒங்கிட்டதான் பேசிக்கிட்டிருப்பேன். பக்கத்துல யாருமில்லன்னு ஞாபகம் வந்தா நிறுத்திடுவேன்."

இதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் போல. பதில் சொல்ல வாயெடுத்தபோது சருகு நகர்ந்தது. கண்ணாடி விரியன். சருகின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. மெதுவாக வந்து, அக்காவின் வலது பாதத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்கா தலையைப் பின்னால் சாய்த்து, கிளைகளைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தாள்.

அது புதருக்குள் போன பிறகு பெரியம்மா சொன்னாள். "மாதா காப்பாத்திட்டா."

"யார?" என்றாள் அக்கா.

எழுந்து போய் அவள் காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். ஒன்று கிழிந்து மணல் ஒட்டியிருந்தது. சர்க்கரையில் கால் மரத்துப் போயிருந்தது. பாம்பு ஏறியதும் தெரியவில்லை, தார் சுட்டதும் தெரியவில்லை.

"வலிக்கலடி. நாகூர் வரைக்குமாவது போவோம். துணியச் சுத்திக்கறேன்" என்றாள்.

சரி என்று கூடவே நடந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். அந்த ராத்திரி எனக்கு வேண்டியிருந்தது. பிறகு துண்டை நனைத்து அவள் காலில் சுற்றினேன்.

"வேணாம்க்கா. திரும்பிடலாம்."

அவள் பேச்சை நான் தட்டியதே இல்லை. முகம் சுருங்கிவிட்டது.

"ஒனக்கு என்னோட வர இஷ்டமில்ல. அதச் சொல்லு" என்றாள்.

நான் துண்டின் முடிச்சை இறுக்கினேன். பெரியம்மா ரோட்டுக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்தாள். வீடு வரும்வரை அக்கா வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். எங்களுக்கும் சேர்த்துப் பெரியம்மா பஸ்ஸில் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்தாள்.