ஒரு சுளைக்கு ஒரு சூளை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே, பஸ் நிற்காத ஓர் ஊரில், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை டீச்சராக இருந்து பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். நாற்பதுகளின் நடுவில், யுத்தம் முடிந்தும் முடியாமலும் இருந்த சமயம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. ஓடியது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. மேட்டில் அது நின்றுவிட்டால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள், பெண்கள் இறங்கித் திட்டுவார்கள். அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, முந்திரித்தோப்புக்கு நடுவே இருந்த அந்த ஊர் முதலில் பிடிக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் என்று எனக்குக் கொடுத்தது மண்சுவரும் கீற்றுக் கூரையும். ஐப்பசியில் அடித்த புயலில் கூரை மொத்தமாகப் பறந்துபோயிற்று. கரும்பலகையைக் கிணற்றிலிருந்து எடுத்தோம். அதற்குப் பிறகு அம்மன் கோயில் பலாமரத்தடிதான் வகுப்பு. கார்த்திகை மழைக்குக் கோயிலுக்குள் ஓடுவோம், தை வெயிலுக்கு மரத்தைச் சுற்றிச் சுற்றி நிழலோடு நகர்ந்து உட்காருவோம். மாசியில் மரத்தில் முதல் பிஞ்சு விட்டது. அப்புறம் என் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்ததைவிட அந்தப் பிஞ்சைப் பார்த்ததுதான் அதிகம். "டீச்சர், நேத்தைக்கு இன்னிக்குப் பெருசாயிருக்கு" என்று தினமும் ஒருத்தி எனக்குத் தகவல் சொல்வாள்.

அந்த மாசியில்தான் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். நல்ல மனுஷி. மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், சந்தோஷப்பட்டார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கூரையே இல்லாத பள்ளிக்கூடத்தை இருக்குன்னு நான் எப்படிம்மா எழுதறது? ஆனியில திறக்கறப்போ ஓட்டுக்கூரை இருந்தா சரி. இல்லேன்னா இந்தப் பிள்ளைங்களை அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துட வேண்டியதுதான்."

அடுத்த ஊர் என்றால் ஓடையைத் தாண்டித் தோப்புக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒரு பெண்பிள்ளையைக்கூட அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆடு மேய்க்கப் போவார்கள், முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார்கள், பிறகு கல்யாணம். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும். எப்போது மாற்றல் வரும் என்று மூன்று வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கோ, அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

ஊரில் சொன்னேன். ஊர் கூடிப் பேசி, சித்திரைத் திருவிழாவில் பலாப்பழத்தை இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்காக ஏலம் விடுவது என்று முடிவாயிற்று.

அந்த ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயில் மரத்தின் முதல் பழத்தை அம்மன் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகு பழைய இடத்திலேயே இறக்கிவைத்து, "பொதுவுக்கே ஆகட்டும்" என்பார். உடனே அதே பழம் மறுபடியும் ஏலத்துக்கு வரும். இப்படி ஒரே பழம் மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும் ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லார் தோளிலும் ஏறி இறங்கும். கடைசியில் அம்மனுக்குப் படைத்து, அறுத்து, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு சுளை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

இந்தத் தடவை காசு வேண்டாம், கூரைக்கு வேண்டிய சாமானாகவே கேட்கட்டும் என்று ஏலம் விடுகிறவர் யோசனை சொன்னார். அவர் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். வாயைத் திறந்தால் அழுகிற குழந்தையும் சிரிக்கும். யுத்த காலத்தில் காசு கொடுத்தாலும் சாமான் கிடைக்காது என்பதால் எல்லாரும் சரி என்றார்கள்.

திருவிழாவன்று வெயில் தாழ்வதற்குள் கோயில் வாசல் நிறைந்துவிட்டது. முன்னால் வண்டி மாடு, தோப்புத் துரவு உள்ளவர்கள். பின்னால் கூலி வேலைக்காரர்களும் பெண்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பழம் கோணிச்சாக்கின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதன் வாசனை மேளக்காரர்களைக்கூடத் தாளம் தப்ப வைத்தது.

"ஒரு வண்டிச் சுண்ணாம்பு!" என்றார் ஒருவர்.

"ஒரு கட்டு மூங்கில்!" என்றார் இன்னொருவர்.

எது உசத்தி என்று சண்டை வந்தது. கட்டியக்காரர் கையை உயர்த்தினார். "எது தலையில விழுந்தா அதிகமா வலிக்குமோ அதுதான்யா ஒசத்தி! மூங்கில் ஒரு தரம்!"

சிரிப்பு அடங்குவதற்குள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வரப்புல நிக்கிற என் பனை ஆறும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கோயிலுக்கு அடுத்த தோப்பின் சொந்தக்காரர். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று பெயர் எடுத்தவர். எந்தப் பொதுக் காரியத்துக்கும் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். "பொட்டப்புள்ள படிச்சு எந்தக் கோட்டையப் புடிக்கப்போவுது?" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தார். அந்த மோர் எனக்கு மறக்கவில்லை.

ஆறு பனை என்றால் கூரைச் சட்டத்துக்கு வேண்டிய பனங்கை முழுக்க வந்துவிடும். கட்டியக்காரர் "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, தோப்புக்காரர் மனசு மாறுவதற்குள் "மூணு தரம்!" என்று முடித்துவிட்டார். மேளம் கொட்டியது. நான் கை வலிக்கத் தட்டினேன்.

அவர் வந்தார். பழத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். கூட்டம் வழி விட்டது. ஒரு சுற்றுச் சுற்றப்போகிறார் என்று பார்த்தால், நேராக நடந்து, தன் வண்டியில் பழத்தை வைத்து, மாட்டைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கோணிச்சாக்கு மட்டும் கிடந்தது. மேளக்காரர் தடியை ஓங்கியபடியே நின்றார்.

"எங்கய்யா போறாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"வூட்டுக்கு" என்றார் கட்டியக்காரர், ஈனஸ்வரத்தில்.

வேறு பழம் வைக்கலாம் என்றால், கோயில் மரத்து முதல் பழத்தைத் தோளில் தூக்குகிற பெருமைக்காகத்தானே ஏலமே. மற்றப் பழத்துக்கு யார் வண்டி வண்டியாகக் கொடுப்பார்கள்? பனங்கை கிடைத்தாயிற்று, சரி. ஓடு? சாந்து? கூலி? சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மாவுக்கு எதைக் காட்டுவது? போய்ப் பழத்தைத் திருப்பிக் கேட்டால், பனையையும் இல்லை என்று சொல்லிவிடுவார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க போவோம்" என்று கட்டியக்காரரைக் கூப்பிட்டேன்.

வாசலிலேயே வாசனை எங்களை எதிர்கொண்டது. உள்ளே முற்றத்தில் வாழையிலையைப் பரப்பி, அவர் சம்சாரம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழம் இரண்டாகப் பிளந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பேத்தி, கன்னம் உப்ப ஒரு சுளையை மென்றுகொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா, நீங்களும் ஒரு சுளை எடுத்துக்கங்க" என்றார் தோப்புக்காரர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் நான் வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவில் பாதி மறந்துபோயிற்று.

கட்டியக்காரர்தான் தயங்கித் தயங்கி வழக்கத்தைச் சொன்னார். கேட்கக் கேட்கத் தோப்புக்காரருக்கு வாய் திறந்துகொண்டது.

"அப்ப இத்தினி வருசமா ஏலம் எடுத்தவன் எவனும் வூட்டுக்குக் கொண்டுபோயித் திங்கலியா?"

"இல்லீங்க. கடைசியில அங்கயே ஆளுக்கொரு சுளை குடுத்துடுவோம்."

"எனக்கு ஒரு தடவகூடக் குடுக்கலியே?"

"நீங்க வந்தாத்தானே குடுக்கிறது?" என்றேன் நான், பட்டென்று.

"நல்லா கேளுங்க டீச்சரம்மா" என்றார் அவர் சம்சாரம். "வருசா வருசம் இந்த வாசனை எங்க தோப்புக்குள்ள வர்றப்பல்லாம் எவன் திங்கிறானோன்னு பொலம்புவாரு. ஒரு தடவ போயிப் பாருங்கன்னா கேட்டாத்தானே. எல்லாருக்கும் தெரிஞ்சது இவருக்கு மட்டும் தெரியல."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பனையக் குடுத்தேன், பழத்த எடுத்தேன். யாரு வூட்டுலயும் திருடிட்டு வரல" என்றார் விறைப்பாக. அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் வாயைத் திறக்கப்போனேன்.

அதற்குள் பேத்தி மென்றுகொண்டிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, கண் கலங்கக் கேட்டாள். "தாத்தா, நான் தின்னதையும் திருப்பிக் குடுக்கணுமா?"

முதலில் சிரித்தது அவர்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் எங்கள் மூவருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எடுத்துக்கிட்டு வாங்க. ஆனா அறுத்த பழத்த எப்படிய்யா ஏலம் விடுவே?"

கட்டியக்காரருக்கு உயிர் திரும்பிவிட்டது. "சுளை சுளையா விடறேங்க!"

அறுத்த பழத்தை இரண்டு முறத்தில் ஏந்திக்கொண்டு நாங்கள் கோயில் வாசலுக்குத் திரும்பியபோது ஊர்க் கூட்டம் போட்ட சத்தம் ஜெயங்கொண்டத்துக்குக் கேட்டிருக்கும். பாதிப்பேர் சிரிப்பு, பாதிப்பேர் கேலி. தோப்புக்காரர் தலை குனியவில்லை, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அதற்கு மேல் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. முழுப் பழத்தைக் கேட்கத் தோப்பும் வண்டியும் வேண்டும். ஒரு சுளையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் அல்லவா? இத்தனை வருஷம் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் முன்னால் வந்தார்கள்.

"ஒரு சுளைக்கு ஒரு நாள் சாந்து மிதிக்கிறேன்!"

"ஒரு சுளைக்கு நாரு திரிச்சுக் கயிறு தர்றேன்!"

"ஒரு சுளைக்கு வேலை முடியற மட்டும் தண்ணி தூக்கறோம், நாங்க ரெண்டு பேரும்!" அது என் வகுப்புப் பிள்ளைகள் இருவரின் அம்மாக்கள். பெண் குரல் அந்த ஏலத்தில் அதுவரை எழுந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். தூக்கிச் சுற்றி வருவதற்கு ஒன்றும் இல்லாததால் எல்லாரும் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்கள். "பொதுவுக்கே ஆகட்டும்" என்று வாய் நிறையப் பழத்தோடு சொன்னார்கள்.

முறத்தில் கடைசிச் சுளை இருந்தபோதும் ஓட்டுக்கு வழி பிறக்கவில்லை. கட்டியக்காரர் தொண்டை கட்டிப்போய், "ஒரு சுளை... ஒரு சுளை..." என்றார்.

"ஒரு சுளைக்கு ஒரு சூளை!" என்றது ஒரு குரல்.

ஓடு வனைகிற வீட்டுப் பெண். இடுப்பில் குழந்தையோடு நின்றாள். வார்த்தை விளையாட்டு என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.

"வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. ஓடு வனைஞ்சு, காயவச்சு, அடுக்கி வச்சிருக்கோம். சுடறதுக்கு வெறகு இல்லாமத்தான் கெடக்குது. வெறகு மட்டும் யாராச்சும் குடுங்க, ஒரு சூளை ஓட்டையும் பள்ளிக்கூடத்துக்குத் தர்றோம்."

விறகு! கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் தோப்புக்காரர் பக்கம் திரும்பியது. அவர் அம்மனைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், எங்கே பார்த்தாலும் எல்லாக் கண்ணும் அவர் மேல்தான்.

"ஏன்யா அப்படிப் பாக்கறீங்க? தோப்புல பொயல்ல சாஞ்ச முந்திரி மரம் கெடக்குது. எடுத்துக்கிட்டுப் போயித் தொலைங்க" என்றார்.

கட்டியக்காரர் மூன்று தரமும் சொல்லவில்லை. ஓடிப்போய் அந்தப் பெண்ணின் வாயில் கடைசிச் சுளையை வைக்கப் போனார். அவள் வெட்கத்தோடு கையில் வாங்கி, இடுப்பிலிருந்த குழந்தைக்கு ஊட்டினாள். நான் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். டீச்சர் அழுததை யாரும் பார்க்கக் கூடாது.

வைகாசி முழுக்க வேலை நடந்தது. ஆனியில் இன்ஸ்பெக்டரம்மா வந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். ஓடு ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் கறுப்பு. "என்னம்மா இது, ஒரே நிறமா இல்லையே?" என்றார். முந்திரி விறகுக்கு அப்படித்தான் வேகும் என்று ஒரு போடு போட்டேன். அவர் நம்பினாரோ இல்லையோ, பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மணி அடித்து, பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. தோப்புக்காரர். ஒரு கையில் மோர்ச் சொம்பு. இன்னொரு கையில் பேத்தி, தலை வாரிப் பூ வைத்து, புதுப் பாவாடையில்.

அவர் உள்ளே வரவில்லை. கூரையை ஒரு தடவை பார்த்தார், அவருடைய பனைகளை எண்ணினாரோ என்னவோ. பிறகு பேத்தியின் முதுகில் கை வைத்து மெல்ல வாசற்படிக்குள் தள்ளிவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொதுவுக்கே ஆகட்டும்" என்றார்.

நான் மோர்ச் சொம்பை வாங்கிக்கொண்டேன். அவரும் நாலடி போனவர், நின்று திரும்பினார்.

"டீச்சரம்மா, சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?"