ராசமலர் பஸ்ஸை விடமாட்டாள்

என் மச்சாள் ராசமலருக்கு வாய் கொஞ்சம் நீளம். டென்மார்க்கில், எஸ்பியர்க்கில் நகர பஸ் ஓட்டுகிறாள். மீன் தொழிற்சாலையில் கை விறைக்க நின்றவள், நாற்பது தாண்டிய பிறகு "நான் பஸ் ஓடப்போறன்" என்றபோது, அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், விழுந்து விழுந்து சிரித்தார். "சிரியுங்கோ, சிரியுங்கோ. ஒருநாள் என்ரை பஸ்ஸிலைதான் ஏறுவியள்" என்றாள். ஏறினார். டிக்கெட் இல்லாமல் ஏறினார். அண்ணன் என்றும் பாராமல் அடுத்த தரிப்பில் இறக்கிவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குச் சலரோகம் வந்தது. விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். சீனி இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. போன மாரியில் வைத்தியர் ஹென்றிக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். இன்சுலின் ஊசி தொடங்கவேண்டி வரலாம், தொடங்கினால் பஸ் லைசென்ஸை மறுபடி பரிசீலிப்பார்கள், முடிவு வரும்வரை ஓட்ட முடியாது என்றார்.

பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீ மருந்துக்கடையில் குளிசை எடுப்பதும் குறைவாக இருக்கிறதே. உண்மையாகவே போடுகிறாயா?"

அவ்வளவுதான், இவளுக்குக் கொதி ஏறிவிட்டது. ஒவ்வொரு சாப்பாட்டோடும் போடுகிறேன், நான் பொய்க்காரி இல்லை, பஸ்ஸை விடவும் மாட்டேன் என்று டேனிஷில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னாள். என்னிடம் திரும்பி, "கேட்டியே மச்சாள் கதையை! களவெடுத்தவளை விசாரிக்கிற மாதிரி" என்றாள்.

ஹென்றிக் கோபிக்கவில்லை. மருந்துக்கடைக்குப் போன் எடுத்தார். ஊசியைப் பற்றி முடிவெடுக்கமுன் அங்கே மருந்தாளருடன் ஒருமுறை கதைத்துவிட்டு வரச் சொன்னார்.

மருந்தாளர் மேனுஜா இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. எங்களைச் சின்ன அறைக்குள் இருத்தி, "அன்ரி, இண்டைக்குக் காலமை குளிசை போட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லையே. காலமை நான் சாப்பிடேல்லை."

"ஒண்டுமே சாப்பிடேல்லையா?"

"பட்டர் பூசி ரெண்டு துண்டு பாண். அவ்வளவுதான்."

"நேற்று இரவு?"

"இடியப்பம் கொஞ்சம். சாப்பிடேல்லை."

மேனுஜா பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அன்ரி, எங்கட அம்மாவும் இப்பிடித்தான். சோறு தின்னாட்டிச் சாப்பிடேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிசைப் பெட்டியில் டேனிஷில் 'ஒவ்வொரு உணவோடும் ஒன்று' என்று ஒட்டியிருந்தது. உணவென்றால் சாப்பாடு, சாப்பாடென்றால் சோறு. மத்தியானம் மட்டும் சோறு தின்றவள், மத்தியானம் மட்டும் குளிசை போட்டிருக்கிறாள். ஐயோ கடவுளே, நானாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பேன்!

மேனுஜா அங்கிருந்தே ஹென்றிக்குடன் கதைத்தாள். ராசமலர் பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் செய்திருக்கிறார், மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை என்றாள். காலையும் இரவும் பாணோடும் இடியப்பத்தோடும் போடட்டும், மூன்று மாதம் பார்ப்போம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

"அன்ரி, பிறகு ஊசி தேவைப்பட்டாலும் அது உங்கட பிழையில்லை" என்றாள் மேனுஜா.

"தேவையெண்டால் போடுவன் பிள்ளை. ஊசிக்கு நான் பயமில்லை. ஆனா என்னைக் கேளாமல் ஒருத்தரும் பஸ்ஸாலை இறக்கேலாது."

மூன்று மாதமும் பாணைக் குறைத்தாள், தரிப்பிடத்தில் ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் பஸ்ஸைச் சுற்றி நடந்தாள். சீனி இறங்கியது. இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார் ஹென்றிக். இவள் விடுவாளா? "நான் பொய்க்காரியா?" என்று கேட்டாள். "இல்லை" என்று எழுந்து கை கொடுத்தார்.

காலையில் நான் அவளுக்குப் போன் எடுப்பது வழக்கம். "சாப்பிட்டாச்சோ?" என்பேன். இத்தனை வருடமாக "இல்லை, பாண்தான்" என்றுதான் பதில் வரும். இன்று காலையும் கேட்டேன்.

"ஓம், சாப்பிட்டிட்டன். பாண் சாப்பிட்டன், குளிசையும் போட்டிட்டன். வை போனை, சனம் காத்துக்கொண்டு நிக்குது, பஸ் எடுக்கோணும்."