வயிறு மட்டும் வளரவில்லை

மாதுங்காவில் அந்த ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்தியதுதான் முதல் அறிகுறி. எனக்கு வலியோ ரத்தப்போக்கோ இல்லை. அதுவரை தமிழில் ஊர், உறவு விசாரித்துக்கொண்டிருந்தவர், திரையில் தெரிந்த குழந்தையின் வயிற்றைச் சுற்றி ஒரு வட்டத்தை வரைவதும் அழிப்பதுமாக இருந்தார்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து மாமியும் (கணவரின் தாய்) கூட வந்திருந்தார்.

"தலை மாசத்துக்குத் தகுந்தபடி இருக்கு. தொடை எலும்பும் பரவாயில்ல. வயித்துச் சுற்றளவுதான் நாலு வாரம் பின்தங்கியிருக்கு," என்றார் டாக்டர்.

பிறகு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்தார். நஞ்சுக்கொடி (குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் அனுப்பும் உறுப்பு) சரியாக வேலை செய்யவில்லை. வருகிற கொஞ்ச ரத்தத்தையும் குழந்தை மூளைக்குக் கொடுத்துவிட்டு வயிற்றைப் பட்டினி போடுகிறது என்றார்.

"சாப்பாட்டால இது சரியாகாது. இன்னிக்கே அட்மிட் ஆகணும்."

ஆனால் வீட்டுக்குத்தான் திரும்பினோம். டாக்ஸியில் மாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பிள்ள பட்டினி கெடக்குன்னு டாக்டரே சொல்லிட்டா. நீ ஒழுங்காத் தின்னாத்தான அதுக்குப் போவும்?"

வேலையிடத்திலிருந்த கணவருக்குப் போன் செய்து, அட்மிட் ஆகச் சொன்னதைச் சொன்னேன். "உம்மா (அம்மா) சொல்றதக் கேளு. ரெண்டு நாள் பாப்போம்," என்றார்.

முட்டை, ஈரல், நெய்ச்சோறு. வாந்தி எடுத்தால் மறுபடி தட்டு வந்தது. நானும் தின்றேன். வயிற்றிலிருப்பதைப் பட்டினி போட்டவள் என்று சந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மூன்றாம் நாள் அசைவு நின்றது. அதே படுக்கை, அதே திரை. இதயம் துடிக்கவில்லை. ரிப்போர்ட்டுக்காக டாக்டர் மறுபடி தலையையும் தொடையையும் வயிற்றையும் அளந்தார்.

"அன்னைக்கே சேந்திருந்தா?" என்று கேட்டேன்.

"பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியலம்மா."

வலி வரவழைத்துப் பெற்றேன். பெண். நெற்றி அகலமாக இருந்தது. தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கணவர் துணியில் சுற்றி கபர்ஸ்தானுக்கு (அடக்கம் செய்யும் இடம்) கொண்டுபோனார். திரும்பி வந்து கைகால் கழுவிவிட்டுத் தூங்கினார்.

பால் சுரக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மாமி மல்லிகைச் சரம் வாங்கிவந்து மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினார். "ரெண்டு நாள்ல வத்திரும். அடுத்ததுக்காவது ஒழுங்காத் தின்னு."

இதைப் படிப்பவளே, உன் குழந்தையின் வயிறும் பின்தங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், அதற்குக் காரணம் நீ தின்ற சோறோ தின்னாத சோறோ அல்ல. வீட்டில் யாரையும் கேட்காமல் அன்றே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிடு.

பால் வற்ற நாளாயிற்று. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் என் சட்டை நனைந்தது. பிறகு அதுவும் நின்று, மாதவிலக்கு வந்தது. எனக்கு அவள் இன்னும் ஏழாம் மாதத்தில்தான் இருந்தாள். உடம்போ முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது. குளியலறையில் நின்று அதை வெறுப்போடு பார்த்தேன்.

வெளியே மாமி, எனக்கு மாதவிலக்கு வந்ததைக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "குளிச்சிட்டா. இனி ஒண்ணுமில்ல."