ஒரே நிறத்தில் இரண்டு சேலை

என் மாமியார் சேலை எடுத்தால் இரண்டாகத்தான் எடுப்பாள். நிறமும் கரையும் ஒன்றாக இருக்கும். மூத்த மருமகளான எனக்கு ஒன்று, என் கொழுந்தனார் பெண்டாட்டியான ஓரகத்திக்கு ஒன்று. ஒருத்தி உடுத்தியதைப் பார்த்து இன்னொருத்திக்கு வயிறு எரியக்கூடாது என்பது அவள் எண்ணம். சேலையைப் பார்த்து எனக்கு ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை. எரிந்தது வேறு காரியத்துக்கு.

மகள் பிறந்த கையோடு எனக்கு மனசு இருண்டுபோயிற்று. இப்போது அதற்கெல்லாம் பேர் சொல்லுகிறார்கள். அன்றைக்குத் தென்காசியில் அதற்குப் பேர் கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். குழந்தை அழுவது காதில் விழும். நாலு வீடு தள்ளி யார் பிள்ளையோ அழுகிறது என்று தோன்றும். ஓரகத்திக்கு அப்போது பால் குடிக்கிற மகன் இருந்தான். அவனுக்குக் கொடுத்த பாலில் என் மகளுக்கும் பங்கு கொடுத்து அவள்தான் வளர்த்தாள்.

வருஷம் ஒன்று போய் அடுத்ததும் பாதி கழிந்த பிறகு, வந்தது போலவே அந்த இருட்டு சொல்லாமல் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து பார்க்கிறேன், என் மகள் ஓரகத்தி இடுப்பில் இருக்கிறாள். ஓரகத்தி மகன் முறைப்படி அவளை அம்மா என்றும் என்னைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவான். அதைக் கேட்டே பேசப் பழகிய என் மகளும் அவளை அம்மா என்றாள், என்னைப் பெரியம்மா என்றாள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அடுக்களைக்குள் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

மனசு தெளிந்தும் உடம்பு தேறவில்லை. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மகளைத் தூக்கினால் கை நடுங்கும். நடுங்குவதைக் கண்டால் போதும், ஓரகத்தி எங்கிருந்தாலும் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். "கொண்டாங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்." அந்தப் 'பாத்துக்கிடுதேன்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். குறை சொல்ல இடமே வைக்காதவள் மேல் பொறாமைப்படுவது பெரிய தண்டனை.

இங்கிலீஷ் டாக்டர் கொடுத்த டானிக் ஒரு பாட்டில் தீர்ந்ததுதான் மிச்சம். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்தார்கள். என் கையைப் பிடித்து வெகுநேரம் நாடி பார்த்தார்.

"ஒரு மண்டலம் தைலம் தேய்க்கணும். காத்துப்படாத அறையில கிடக்கணும். பிள்ளைய எடுக்கக் கூடாது, கேட்டோ?" என்றார்.

"அதுக்கென்ன, பிள்ளையத்தான் சின்னவ பாத்துக்கிடுதாளே" என்றாள் மாமியார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எந்த வைத்தியம் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. இன்னும் ஒரு மண்டலம் நான் கதவுக்குப் பின்னால் கிடந்தால், பெரியம்மா என்று கூப்பிடவும் என் மகளுக்கு மறந்துபோகும்.

"எனக்குத் தைலமும் வேண்டாம், அறையும் வேண்டாம். குத்தாலத்துல போயி அருவியில குளிக்கேன். பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

மாமியார் பதறிப்போனாள். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சவங்களத்தான அருவிக்கடியில கொண்டு நிறுத்துவாங்க? நீ போனா ஊரு என்ன பேசும்?"

அவள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. அந்த ஆனி மாதம் சாரல் நன்றாகக் கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார்: குடும்பத்தோடு சாரல் அனுபவிக்கப் போவதுபோலப் போய்த் தங்கிவிட்டால் யார் என்ன பேச முடியும்? தென்காசிக்காரன் குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்குகிறானா என்று தெருவே சிரித்தது. வண்டியில் ஏறி, போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் வந்துவிடுகிற ஊர் அது. எப்படியோ போனோம். ஆனால் குடும்பத்தோடு என்றால் அவளும் உண்டல்லவா? யாரிடமிருந்து மகளைப் பிரிக்க இந்த வைத்தியத்தைப் பிடித்தேனோ, அவள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அதே வில்வண்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தாள்.

குற்றாலத்திலும் என் தலைக்கு எண்ணெய் வைத்தது அவள்தான். நல்ல கை. சூடு பறக்க, இதமாக உச்சியில் தேய்ப்பாள். என் மகள் இந்தக் கையில் தினமும் தூங்குகிறாள் என்று நினைத்தவுடன் எனக்கு அந்த இதமும் கசந்துபோகும். தேய்த்தது போதும் என்று எழுந்துவிடுவேன்.

பெண்கள் குளிக்கிற பக்கத்தில் முதல் நாள் அருவிக்குள் தலையைக் கொடுத்தபோது உலக்கையால் இடித்ததுபோல் இருந்தது. இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். போகப்போகத் தோள் தாங்கியது. ஒருநாள் காலை, பிள்ளைகள் இரண்டையும் மாமியார் பாறையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் குளித்தோம். புதிதாக எடுத்த பச்சைச் சேலையைத்தான் அன்று இருவரும் உடுத்தியிருந்தோம். எனக்கு மூச்சு முட்டவே முதலில் வெளியே வந்தேன். முடி முகமெல்லாம் ஒட்டிக் கிடந்தது.

"அம்மா!"

என் மகள் மாமியார் பிடியிலிருந்து நழுவி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். பச்சைச் சேலையைப் பார்த்து ஏமாந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கினேன். கை நடுங்கவில்லை. அவள் என் முகத்து முடியை விலக்கிப் பார்த்தாள்.

"பெரியம்மா" என்றாள்.

திமிறி இறங்கப்போகிறாள் என்று நின்றேன். இறங்கவில்லை. குளிரோ என்னவோ, என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒடுங்கிவிட்டாள். அதற்குள் ஓரகத்தி வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "கொண்டாங்கக்கா, நான்..."

"இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவள் திரும்பிக்கொண்டு தலைமுடியைப் பிழிந்தாள். சொட்டுத் தண்ணீர் வராதபோதும் பிழிந்துகொண்டே நின்றாள். அந்த முதுகு எனக்குப் புதிதல்ல. அடுக்களையில் அப்படித்தான் நானும் நின்றிருந்தேன்.

அன்று மத்தியானம் வெகுநாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர், மாமியார், எல்லோரும் அருவித் தண்ணீரின் குணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். எனக்குச் சோறு போட்ட ஓரகத்தி மட்டும், நான் கேட்காமலே இன்னொரு அகப்பைச் சோற்றை இலையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.